மார்ச்-அவுட் ஆகாத வீடு

லேக் மார்க்கெட், கல்கத்தா
8.2.2004

சிரஞ்சீவி வித்யாலக்ஷ்மிக்கு அப்பா எழுதுவது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை சுபிக்ஷாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு லடாக்கில் போஸ்டிங், குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது, அதனால் உனக்கும் குழந்தைக்கும் கல்கத்தாவில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். பழைய ஃபேமிலி லைனை இடித்துக் கட்டிய புது பிளாக்குகளில், நான்காம் பிளாக், மூன்றாம் நம்பர். அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு.

அந்த பிளாக்குகளை ராணுவம் கட்டவில்லை. நிலம் ராணுவத்துடையது. கட்டியது பூர்வாலயா என்ற தனியார் கம்பெனி. முப்பது வருடம் அவர்களே பராமரிப்பார்கள், ராணுவம் வாடகை கொடுக்கும், ரோட்டோர நிலத்தில் அவர்கள் கடை கட்டிக்கொள்வார்கள். கூட்டு ஏற்பாடு என்று பெயர். சிப்பாயின் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கும் வீட்டுச் சாவி எவன் கையிலோ இருக்கிறது.

நான் சும்மா சொல்லவில்லை. அந்த லைனில் முப்பத்தொரு வருடம் வீட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பான பாரக் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். எட்டாவதோடு நின்றவன், ரூல் புத்தகத்தை வரி வரியாகப் படித்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். எனக்குக் கீழே வேலை பழகியவர்கள் எல்லாம் சூப்பர்வைசர் ஆனார்கள். என்னை ஆக்கவில்லை. அது போகட்டும்.

போன் செய்யாதே. போனில் பேசியதற்கு யாரும் பின்னால் பொறுப்பேற்பதில்லை.

ஆசீர்வாதங்களுடன்,
கோவிந்தராஜன்


செகந்திராபாத்
21.2.2004

அன்புள்ள அப்பாவுக்கு வித்யாவின் நமஸ்காரம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? இங்கே மூவரும் நலம். சுபிக்ஷாவுக்கு முன்பல் ஆடுகிறது.

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு முறை மறுத்தால் அடுத்த எட்டு மாதம் பட்டியலில் பெயர் வராது. இந்த வீட்டை மார்ச் 31க்குள் விட்டாக வேண்டும். மாமியார் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். உங்கள் அறையோ பத்துக்குப் பன்னிரண்டு, அதிலும் பாதியை உங்கள் பழைய ரிஜிஸ்டர்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

இவர் சிரிக்கிறார். "உங்கப்பா வீட்டைத் திட்டறாரா, கம்பெனியைத் திட்டறாரா, தனக்கு வராத பிரமோஷனைத் திட்டறாரா?" என்கிறார். எனக்கும் அதுதான் தெரியவில்லை. காரணம் ஒன்று சொல்லுங்கள், கேட்கிறேன். இல்லாவிட்டால் ஏப்ரல் முதல் வாரம் வருகிறேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து அப்பா இருக்கும் ஊருக்கே வருகிறேன். ஒரு வார்த்தை சந்தோஷமாக எழுதக்கூடாதா?

உங்கள் வித்யா


லேக் மார்க்கெட்
2.3.2004

சிரஞ்சீவி வித்யாவுக்கு. முழங்கால் அப்படியே. குழந்தையின் பல்லை இழுக்காதே, தானாக விழட்டும்.

காரணம் கேட்டிருக்கிறாய். உன்னைப் பெற்றவன் சொல்கிறேன் என்பது போதாதா? ராணுவ ஸ்டேஷன் ஆபீசுக்கு மூன்று பிரதிகளில் மனு கொடுத்திருக்கிறேன். வேறு எந்த பிளாக் வேண்டுமானாலும், எந்த நம்பர் வேண்டுமானாலும் கொடுங்கள், நான்காம் பிளாக் மூன்றாம் நம்பர் மட்டும் வேண்டாம் என்று. பழைய லைனின் நம்பர்களையே புதிய வீடுகளுக்கும் வைத்திருக்கிறார்கள். மடத்தனம்.

வருவதாக இருந்தால் இதைக் கேள். குடி வரும் அன்று மார்ச்-இன் எடுப்பார்கள். வீட்டிலுள்ள சாமான்களை ஒவ்வொன்றாகப் படிப்பார்கள். கண்ணால் பார்த்த பிறகு "இருக்கு" என்று சொல். பார்க்காததற்குத் தலையாட்டாதே. காலி செய்யும் அன்று அதே பட்டியலைச் சரிபார்த்து ஒப்படைப்பதுதான் மார்ச்-அவுட். அடுத்தவர் பெயரில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே. எவ்வளவு சின்னக் காகிதமானாலும்.

கோவிந்தராஜன்


4/3, புதிய ஃபேமிலி குவார்ட்டர்ஸ், கல்கத்தா
9.4.2004

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம். நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ஹவுரா ஸ்டேஷனில் உங்களைத் தேடினேன். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு நன்றாக இருக்கிறது. நல்ல வெளிச்சம், இரண்டு அறை, காற்று வருகிறது. கம்பெனியின் ஆள் தேபாசிஷ் என்று ஒருவர், மரியாதையான மனிதர், என்னை பௌதி, அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார். நீங்கள் சொன்னபடி மார்ச்-இன் எடுத்தேன். மின்விசிறி மூன்று, குழல்விளக்கு ஐந்து, எல்லாம் பார்த்துப் பார்த்து "இருக்கு" சொன்னேன். கடைசியில் பட்டியலில் இரும்புக் கட்டில் இரண்டு, கொசுவலைக் கம்பு எட்டு, பச்சை வாளி ஒன்று என்று இருந்தது. வீட்டில் அவை இல்லை. "இல்லை" என்றேன். தேபாசிஷ் சிரித்தார். "கம்ப்யூட்டர் பழைய லைன் லிஸ்டையும் சேத்து அடிச்சிருக்கு பௌதி, கையெழுத்துப் போடுங்க" என்றார். அந்த மூன்று வரிகளை அடித்துவிட்டுத்தான் போட்டேன். உங்கள் பெண்தானே.

இன்னொன்று. இங்கே குழாய் ஒழுகினாலும் விளக்கு எரியாவிட்டாலும் கேட்டருகே இருக்கிற புகார் அறையில் சொல்ல வேண்டும். சீட்டு எழுதிக்கொள்வார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சரி செய்து குடியிருப்பவரிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். இது ராணுவம் போட்ட நிபந்தனை. நான் வந்து இறங்கி மூட்டையைப் பிரிப்பதற்குள் ஒருவர் சீட்டோடு வந்தார். எங்கள் வீட்டிலிருந்து மூன்று நாள் முன்பு புகார் கொடுத்திருக்கிறார்களாம். அப்போது நான் ரயிலில்கூட ஏறவில்லை.

பஸ்ஸில் நாற்பது நிமிடம்தான் அப்பா. எப்போது வருகிறீர்கள்?

வித்யா


லேக் மார்க்கெட்
14.4.2004

சிரஞ்சீவி வித்யாவுக்கு, குழந்தைக்கும் புது வருட ஆசீர்வாதம். மளிகைக்கடை சேஷாத்ரி மூலம் அப்பளமும் வேப்பம்பூவும் அனுப்பியிருக்கிறேன்.

புகார் என்ன என்று எழுதவில்லையே. சீட்டைப் பார்த்து அப்படியே எழுது. புகார் கொடுத்தவர் பெயர் போடும் இடத்தில் என்ன இருக்கிறது என்றும் எழுது.

நான் வருவதற்கில்லை.

கோவிந்தராஜன்


4/3, ஃபேமிலி குவார்ட்டர்ஸ்
3.5.2004

அன்புள்ள அப்பாவுக்கு நமஸ்காரம். வெயிலில் வெளியே அலையாதீர்கள்.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். இதுவரை நான்கு சீட்டுகள் வந்துவிட்டன. நான்கிலும் ஒரே புகார்தான்: "கதவு வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறது. திறந்துவிடவும்." பெயர் போடும் இடத்தில் பெயர் இல்லை. கைநாட்டு இருக்கிறது.

தேபாசிஷ் திருப்புளியோடு வந்து கதவை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். "வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாதே பௌதி, எதைத் திறக்கிறது?" என்றார். யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன். "ஒரு அம்மா வந்தாங்க. உங்க வீட்டு ஆள்னு நெனச்சேன்." எப்போது? "மத்தியானம் மூணு மணிக்கு. எப்பவும் அந்நேரந்தான்." சீட்டை மூடக் கையெழுத்து வேண்டும் என்று நின்றார். "யார் போட்டா என்ன, போட்டுடுங்க." நான் கொடுக்காத புகாருக்கு நான் போட மாட்டேன் என்றேன். போய்விட்டார்.

எதிர்வீட்டு ஹர்ப்ரீத் நேற்று மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்ல இருக்கிற ஆண்ட்டி ரொம்ப அமைதி. எத்தனை நாள் இருப்பாங்க?" என்றாள். என் வீட்டில் யாரும் இல்லை என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஜன்னல்ல நின்னு கேட்டைப் பாத்துட்டே இருக்காங்களே. புருஷன் வர்ற வழியான்னு கேட்டேன், ஆமான்னு தலையாட்டினாங்க" என்றாள்.

உடனே உள்ளே போய் இரண்டு அறையையும் பார்த்தேன். இன்று காலை குளியலறையில் பச்சை வாளி ஒன்று இருந்தது. உள்ளே தண்ணீர் புதிதாகப் பிடித்தது போல ஆடிக்கொண்டிருந்தது. நான் வாங்கவில்லை அப்பா.

உங்களுக்கு என்ன தெரியும்?

வித்யா


4/3, ஃபேமிலி குவார்ட்டர்ஸ்
19.6.2004

அப்பாவுக்கு. மே மாதம் இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. போன ஞாயிறு நேரில் வந்தேன். வீட்டுக்கார கோபு மாமா "உள்ளதான் இருக்கார்மா, ரேடியோ சத்தம் கேட்குது" என்றார். நானும் சுபிக்ஷாவும் அரைமணி நேரம் கதவைத் தட்டினோம். நான் தட்டத் தட்ட நீங்கள் ரேடியோவை நிறுத்தினீர்கள். எனக்குக் கேட்டது.

இனி நலம் விசாரிக்க மாட்டேன். விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

குழந்தையைப் பள்ளியில் சேர்க்க விலாசச் சான்று கேட்டு ஸ்டேஷன் ஆபீஸ் போனேன். 4/3இல் ஏற்கெனவே ஆள் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது, ஒரு வீட்டில் இரண்டு குடும்பத்தைக் காட்ட முடியாது என்றார்கள். யார் என்று கேட்டேன். லான்ஸ் நாயக் சுந்தரத்தின் மனைவி பட்டம்மாள். ஆரணிப் பக்கம். 1997இல் குடி வந்தவள். இன்னும் மார்ச்-அவுட் ஆகவில்லை.

ஆகவில்லை என்கிறார்களே தவிர, மார்ச்-அவுட் காகிதம் இருக்கிறது. 1999 ஜனவரியில் லைனை இடிக்கும் முன் எடுத்தது. ஆனால் புருஷன் அந்த ஏப்ரலில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, அதிலுள்ள கையெழுத்து தன் மனைவி போட்டதே இல்லை என்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவன் 2001இல் ஊரில் செத்துப் போனான். விசாரணை முடியாமலே கோப்பு கிடக்கிறது. அந்த அம்மா எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

காகிதத்தைக் காட்டினார்கள். கீழே ஸ்டோர்கீப்பர் கையெழுத்து, உங்களுடையது. மேலே "பட்டம்மாள்" என்று ஒரு கையெழுத்து. புருஷன் எழுதியிருக்கிறான்: "என் மனைவிக்கு எழுதத் தெரியாது. கைநாட்டுத்தான்."

சின்ன வயதில் சிலேட்டில் என் கையைப் பிடித்து "ட" போடக் கற்றுக் கொடுத்தவர் நீங்கள். கீழ்க்கோட்டை இழுக்கும்போது ஒரு சுழி வைப்பீர்கள். அந்தப் பெயரில் "ட்ட" இரண்டிலும் சுழி இருக்கிறது அப்பா.

ஸ்டோர்கீப்பர் சான்றிதழ் கொடுத்தால் கோப்பை மூடி வீட்டை என் பெயரில் எழுதுவார்களாம். அந்த அம்மா முறைப்படி காலி செய்தாள் என்று எழுத வேண்டும். ஜூலை 31க்குள் வராவிட்டால் எங்கள் அலாட்மென்ட் ரத்து. எனக்கும் குழந்தைக்கும் போக இடமில்லை.

வித்யாலக்ஷ்மி


லேக் மார்க்கெட்
2.7.2004

சிரஞ்சீவி வித்யாவுக்கு. உடம்பு இருக்கிறபடி இருக்கிறது.

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். ஐம்பத்தாறு வீடுகள். பதினைந்து நாளில் காலி செய்து காகிதம் கொடு என்றார்கள். கம்பெனிக்கு நிலத்தை ஒப்படைக்கும் தேதி நெருங்கியிருந்தது. ஐம்பத்தைந்து வீட்டுக்கு நானே நின்று சாமான் பார்த்து மார்ச்-அவுட் எடுத்தேன். ஒருவர் வீட்டில் ஒரு கொசுவலைக் கம்பு குறைந்ததற்குக்கூட நான் விடவில்லை. ஐம்பத்தாறாவது வீடு 4/3. பட்டம்மாள் போக மாட்டேன் என்றாள். புருஷன் எல்லையில் அடிபட்டு லக்னோ ஆஸ்பத்திரியில் இருந்தான். "அவரு இந்த வீட்டைத் தேடிக்கினுதான் வருவாரு. வேற வீடு அவருக்குத் தெரியாது" என்பாள். எட்டு முறை போனேன். எட்டு முறையும் அதே பேச்சு.

கடைசி நாள் மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. மூன்று முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. மூன்று முறை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் வீடு காலி என்று கொள்ளலாம். ரூல். பூட்டி அரக்கு முத்திரை வைத்தேன். ஐம்பத்தைந்து காகிதத்தோடு ஐம்பத்தாறாவதும் போக வேண்டும் என்று அவள் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருடத்தில் அது ஒன்றுதான். இடிக்கும்போது நான் லைனில் இல்லை. கோட்டையிலுள்ள ராணுவ ஸ்டோருக்கு இரண்டு நாள் டியூட்டி போட்டுவிட்டார்கள்.

எல்லோரும் ஒத்துழைத்த வேலையில் அவள் ஒருத்தி பிடிவாதம் பிடித்தாள். பழி என் மேல் வந்தது. பிரமோஷன் அதனால்தான் போயிற்று.

சான்றிதழ் இத்துடன் வைத்திருக்கிறேன். "அழைத்தும் பதில் இல்லாததால் வீடு காலியாக இருந்தது என உறுதி கூறுகிறேன்." கொண்டுபோய்க் கொடு. வீடு உனக்குக் கிடைக்கட்டும்.

கோவிந்தராஜன்


4/3, ஃபேமிலி குவார்ட்டர்ஸ்
16.7.2004

அன்புள்ள அப்பா,

நலமா என்று கேட்கிறேன். உண்மையாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. குழந்தை ஹர்ப்ரீத் வீட்டில் இருந்தாள். கூடத்தில் நின்று வாய்விட்டுப் படித்தேன். ஏன் வாய்விட்டு என்று தெரியவில்லை. கேட்க வேண்டிய இன்னொருத்தி இருக்கிறாள் என்று தோன்றியதோ என்னவோ. மணி மூன்றாகியிருந்தது.

"பதில் இல்லை" என்று படித்தபோது வாசல் கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு. நான் கதவைப் பார்த்தபடிதான் நின்றுகொண்டிருந்தேன். தட்டியது வெளியிலிருந்து இல்லை அப்பா. உள்பக்கத்திலிருந்து. எனக்கும் கதவுக்கும் நடுவே நான்கடி தூரம். யாரும் இல்லை. பலகை அதிர்வதை மட்டும் பார்த்தேன்.

மேலே படித்தேன். வேறெதற்கும் சத்தம் இல்லை. திரும்ப முதலிலிருந்து படித்தேன். அதே இரண்டு வார்த்தைக்குத் திரும்பவும் மூன்று தட்டு.

அந்தச் சான்றிதழ் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் எனக்கு வீடு. கொடுக்கவா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடிதத்தில் வேண்டாம். இங்கே வந்து, இந்தக் கூடத்தில் நின்று சொல்லுங்கள். இன்று காலை ஒரு புதுச் சீட்டு வந்திருக்கிறது. அதே கைநாட்டு. ஆனால் புகார் வேறு: "ஸ்டோர்கீப்பர் வரவில்லை."

வித்யா


4/3, ஃபேமிலி குவார்ட்டர்ஸ்
2.8.2004

சிரஞ்சீவி வித்யாலக்ஷ்மிக்கு அப்பா ஆசீர்வாதம். என் அறையில் உனக்கும் குழந்தைக்கும் இடம் போதுகிறதா? ரிஜிஸ்டர்களை எடைக்குப் போட்டுவிடு. ஜன்னல் கதவு மழையில் ஊறியிருக்கும், தூக்கிச் சாத்த வேண்டும். கோபுவிடம் சொல்லியிருக்கிறேன், அவர் உன்னைப் போகச் சொல்ல மாட்டார்.

நான் இங்கே வந்த அன்று உன் கையிலிருந்து சான்றிதழை வாங்கிக் கிழித்தபோது நீ ஏன் என்று கேட்டாய். குழந்தை எதிரில் சொல்ல முடியவில்லை. "பெட்டியை எடுத்துக்கிட்டு லேக் மார்க்கெட் போ" என்று மட்டும் சொன்னேன். நீயும் திட்டிக்கொண்டே போனாய். உன் அம்மாவும் அப்படித்தான் திட்டுவாள், சத்தம் இல்லாமல்.

இப்போது சொல்கிறேன். பதில் இல்லை என்று உனக்கு எழுதினேன். பதில் வந்தது.

மூன்று முறை கூப்பிட்டேன் என்றேனே, மூன்று முறைக்கும் வந்தது. "அவரு வரட்டும் அய்யா, போங்க" என்றாள். உள்ளே வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம்கூடக் கேட்டது. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு ராத்திரி பூட்டிக் கிடந்தால் காலையில் வழிக்கு வருவாள், நான் வந்து திறந்தால் தானே கட்டில் கம்பெல்லாம் எண்ணிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். பூட்டினேன். ஆபீசில் எல்லாக் காகிதமும் இப்போதே வேண்டும் என்றார்கள். காலையில் எப்படியும் காலியாகப் போகிற வீடுதானே என்று கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அங்கிருந்தே லாரியில் ஏற்றிக் கோட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். சாவி என் சட்டைப்பையில். ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம். ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் உள்ளே ஆள் இருந்தது தெரிந்துபோகும். கையெழுத்து என்னுடையது என்பதும் தெரிந்துபோகும். இன்னும் நான்கு நாள் கழித்துத்தான் இடிக்கிற மெஷின் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காகிதம் சீக்கிரம் வந்ததால் மறுநாளே வந்துவிட்டது. திரும்பி வந்தபோது செங்கல் குவியல்தான் இருந்தது. யாரும் உள்ளே பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? காலி என்று என் காகிதம் சொல்லியிருந்தது.

இதை இப்படியே ஸ்டேஷன் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பிரதி போலீஸ் ஸ்டேஷனுக்கும். இன்னும் யாரும் வரவில்லை. வருவார்கள். உன் அலாட்மென்ட் முந்தாநாளோடு ரத்தாகியிருக்கும். மாப்பிள்ளைக்கு நீ எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன்.

தேபாசிஷ் சாவி கேட்டு வந்தார். "கோபிந்தோபாபு, காலி வீட்டுல தனியா என்ன பண்றீங்க?" என்றார். காலி இல்லை என்றேன். ஹர்ப்ரீத் இரண்டு தட்டில் ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். 

தினமும் மூன்று மணிக்குப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்காருகிறேன். இரும்புக் கட்டில் இரண்டு என்று படிக்கிறேன். உள் அறையில் இரும்பு இரண்டு முறை தட்டப்படுகிறது. கம்பு எட்டு என்கிறேன். எட்டு தட்டு, எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியாக வைத்திருக்கிறாள். ஒன்றுகூடக் குறையவில்லை. கடைசியில் அவள் கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்து வைத்து, "அம்மா, கதவைத் திறந்துட்டேன், நீங்க போலாம்" என்கிறேன். வாசல் கதவை நான் வந்த நாளிலிருந்து சாத்தவே இல்லை, மழைச்சாரல் கூடம் வரை அடிக்கிறது.

மை காய்ந்து போகிறது. ஒவ்வொரு நாளும் அதே குரல், அன்று கேட்ட அதே குரல்: "அவரு வரட்டும் அய்யா, போங்க."

நான் போகவில்லை.

கோவிந்தராஜன்